எது பெரிய ஊர்? கொங்கு நகரங்களின் போட்டியைப் புரிந்துகொள்ள ஓர் எளிய அறிமுகம்

பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் நடந்த பேச்சு இது. "எங்க திருப்பூருதானுங்க மாமா இப்பச் சேலத்தவிடப் பெரிய ஊரு" என்று ஓர் இளைஞர் ஆரம்பித்தார். சேலத்து மாமா விடவில்லை. "நாலரை லட்சம் பேர் இருக்கற ஊரு எட்டு லட்சம் பேர் இருக்கற ஊரவிடப் பெருசுங்கறீங்க மாப்ள, கணக்கு எங்க படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டுச் சுண்ணாம்பைத் தடவினார். இருவரும் செல்பேசியை எடுத்தார்கள், இருவரும் எண்களைக் காட்டினார்கள். இருவர் காட்டியதும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள்தாம், இரண்டுமே சரியானவை. பக்கத்தில் இருந்த கோவைக்காரர் ஒருவர், "நீங்க ரெண்டு பேரும் எதுக்குங்க சண்டை போடறீங்க" என்று பெருந்தன்மையோடு சிரித்தது இருவருக்கும் ஒருசேரக் கோபத்தை வரவழைத்தது.

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் ஆகிய நான்கும் ஒரே ரயில் பாதையில், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் வரிசையாக அமைந்த மாநகராட்சிகள். எது பெரியது, எது பழையது, எது குடியிருக்க நல்லது என்ற பேச்சு இவற்றுக்கிடையே ஓய்வதில்லை. அந்தப் பேச்சில் பெரும்பகுதி, ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் எடுத்துக்கொள்வதால் வருகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் உண்மையான போட்டி. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லை மாறினால் எண்ணும் மாறும்

ஒரு விவசாயியிடம் "எத்தனை ஏக்கர் பூமிங்க?" என்று கேட்கிறோம். அவர் பெயரில் பட்டா இருப்பது 2 ஏக்கர். பக்கத்துக் காட்டைக் குத்தகைக்கு எடுத்துச் சேர்த்து உழுவது 5 ஏக்கர். பட்டாவைப் பார்ப்பவர் அவரைச் சிறுவிவசாயி என்பார். அவருடைய களத்தில் குவிந்த கடலைக்காயைப் பார்ப்பவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

நகரங்களுக்கும் இதே போல இரண்டு அளவுகள் உண்டு. பட்டாவைப் போன்றது மாநகராட்சி எல்லை, அதாவது அரசாணையின் மூலம் வரையறுக்கப்பட்டு ஒரே உள்ளாட்சி மன்றம் வரி வசூலித்து நிர்வகிக்கும் பரப்பு. உழும் பூமியைப் போன்றது நகர்த்திரள். ஒரு நகரமும், அதை ஒட்டி இடைவெளியின்றி வளர்ந்துவிட்ட சிற்றூர்களும் நகராட்சிகளும் சேர்ந்த மொத்தத்தையே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகர்த்திரளாகக் கொள்கிறது. எந்த மன்றம் எங்கே வரி வாங்குகிறது என்பது அதற்குப் பொருட்டல்ல. கட்டடங்களும் குடியிருப்பும் தொடர்ந்து போகின்றனவா என்பதையே அது பார்க்கிறது.

இப்போது கல்யாண மண்டபத்துச் சண்டைக்குத் திரும்புவோம். 2011 கணக்கெடுப்பின்போது இருந்த எல்லைப்படி சேலம் மாநகராட்சியில் 8.3 லட்சம் பேர், திருப்பூர் மாநகராட்சியில் 4.44 லட்சம் பேர். மாமா சொன்னது சரி. ஆனால் நகர்த்திரள் கணக்கில் திருப்பூர் 9.6 லட்சத்தைத் தாண்டுகிறது, சேலமோ 9.2 லட்சத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. மாப்பிள்ளை சொன்னதும் சரி. சேலத்தின் மக்கள் பெரும்பாலும் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இருந்தார்கள். திருப்பூரின் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேலம்பாளையம், நல்லூர் போன்ற பக்கத்து ஊர்களில் எல்லைக்கு வெளியே இருந்தார்கள். இவ்வளவுதான் வேறுபாடு.

ஈரோட்டின் கதை இதைவிடச் சுவையானது. பழைய எல்லைப்படி ஈரோடு வெறும் 8.44 சதுர கிலோமீட்டர், அதில் 1.57 லட்சம் பேர். வீரப்பன்சத்திரம், பெரியசேமூர், சூரம்பட்டி, காசிபாளையம் ஆகிய நகராட்சிகள் இணைக்கப்பட்டதும், அதே கணக்கெடுப்பின்படி அந்த ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 5 லட்சமானது, பரப்பு 109 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. புதிதாக ஒரு வீடு கட்டப்படவில்லை, ஒருவரும் குடிவரவில்லை. ஆனாலும் ஊர் மும்மடங்காகிவிட்டது. அதோடு, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 18,000 பேருக்கு மேல் இருந்த நெரிசலும் தாளில் 4,500 அளவுக்கு இறங்கிவிட்டது. ஈரோட்டை மூச்சுமுட்டும் நெரிசல் கொண்ட ஊர் என்று சிலர் எழுதுவதும், அப்படியொன்றுமில்லை என்று சிலர் மறுப்பதும் இந்த இரண்டு எண்களின் விளைவு.

கோவையும் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டு 10.5 லட்சத்திலிருந்து 16 லட்சமானது. நகர்த்திரளாகக் கொண்டால் 21 லட்சத்துக்கு மேல். நான்கில் எது பெரியது என்ற கேள்விக்கு எந்த எல்லையை எடுத்தாலும் விடை கோவைதான். அந்தக் கோவைக்காரரின் சிரிப்புக்கு அதுதான் காரணம்.

சுருக்கமாகச் சொன்னால், ஊரின் அளவு என்பது எல்லையைச் சொன்ன பிறகே பொருள் பெறும் எண். ஒரு ஊரின் மாநகராட்சி எண்ணை இன்னொன்றின் நகர்த்திரள் எண்ணோடு ஒப்பிடுவது, ஒருவரின் பட்டாவை இன்னொருவரின் குத்தகையோடு ஒப்பிடுவதற்குச் சமம்.

எந்த ஊர் பழைய ஊர்?

பழமையிலும் இதே குழப்பம் நிகழ்கிறது. மண்ணைத் தோண்டினால் கிடைக்கும் பழமை ஒன்று, நிர்வாகத் தாள்களில் இருக்கும் பழமை இன்னொன்று.

முதல் வகைப் பழமையில் இந்த நான்கு ஊர்களும் பேசாமல் ஒதுங்கி நிற்பதே நல்லது. நொய்யல் கரையில் சென்னிமலைக்கு மேற்கே இருக்கும் கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பாடப்பட்ட ஊர். அங்கே அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளும், மணிக்கற்களைத் தீட்டிய பட்டறைகளின் தடயங்களும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. கொங்கின் மிகப் பழைய தொழில்நகரம் என்ற பட்டத்துக்குத் தகுதியான அது இன்று ஒரு சிற்றூர். கோவைக்குப் பக்கத்திலேயே இருக்கும் பேரூர், கோவையைவிட முந்திய வழிபாட்டூர். சேரர் தொடர்பைப் பேசினால் கருவூர் முன்னால் வந்து நிற்கும்.

நிர்வாகப் பழமையில் போட்டிக்கு இடமுண்டு. 1792-இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கோவைப் பகுதி 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகே வந்தது. ஆகவே சேலத்துக்காரர்கள் ஏழாண்டு மூப்பைப் பேசலாம். ஆனால் நகராட்சி என்ற தகுதியை இரண்டு ஊர்களும் 1866-ஆம் ஆண்டிலேயே பெற்றுவிட்டன. ஈரோடு 1871-இல் நகராட்சியானது. மாநகராட்சித் தகுதி கோவைக்கு 1981, சேலத்துக்கு 1994, ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் 2008.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஆண்டு 1804 என்பது என் கருத்து. அதுவரை கோவைச் சீமை வடக்கு, தெற்கு என இரண்டு பிரிவுகளாக இருந்தது. வடக்குக்குப் பவானியும் தெற்குக்குத் தாராபுரமும் தலைமையிடங்கள். 1804-இல் இரண்டும் இணைக்கப்பட்டபோது கோவை தலைமையிடமானது. காட்டுக்குள் யாரோ ஒருவர் குறுக்கே நடக்க, அடுத்தவர் அதே தடத்தில் நடக்க, பத்து வருடத்தில் அது ஒற்றையடிப் பாதையாகி, பிறகு வண்டித்தடமாகி, கடைசியில் தார்ச்சாலையாவதை நாம் பார்த்திருக்கிறோம். முதலில் நடந்தவர் ஏன் அந்தப் பக்கம் நடந்தார் என்பது யாருக்கும் நினைவிருக்காது. தொடக்கத்தில் எடுத்த ஒரு தீர்மானம் பின்னர் வரும் தீர்மானங்களைத் தன் வழியிலேயே இழுத்துச் செல்வதைப் பாதைச் சார்பு என்பார்கள். கச்சேரி, அதாவது ஆட்சியர் அலுவலகம், வந்த ஊருக்கு நீதிமன்றமும் வக்கீலும் வருவார்கள், அவர்களுக்குப் பின்னால் பள்ளியும் வங்கியும் ஆலையும் வரும். 1888-இல் நூற்பாலை, 1930-களில் பைக்காராவின் நீர்மின்சாரம் என்று கோவைக்குக் கிடைத்தவை அனைத்தும் ஏற்கெனவே போட்ட தடத்தின் மேல் வந்தவை. தாராபுரம் இன்று திருப்பூர் மாவட்டத்தில் ஒரு நகராட்சி. 1804-இல் அதற்கு அந்த இடம் கிடைத்திருந்தால் கல்யாண மண்டபத்தில் பெருந்தன்மையாகச் சிரிப்பவர் தாராபுரத்துக்காரராக இருந்திருக்கலாம்.

வீரர்களை ஊருக்கு உரிமையாக்கும் பேச்சைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்வோம். தீரன் சின்னமலை பிறந்த மேலப்பாளையம் இன்றைய திருப்பூர் மாவட்டம், கோட்டை கட்டிய ஓடாநிலை ஈரோடு மாவட்டம், 1805-இல் தூக்கிலிடப்பட்ட சங்ககிரி சேலம் மாவட்டம். கொடிகாத்த குமரனோ திருப்பூரின் பெயரால் அறியப்பட்டாலும் பிறந்தது சென்னிமலையில். இம்மாவட்டக் கோடுகளில் பெரும்பாலானவை அவர்கள் காலத்துக்கு வெகுநாள் பிந்தியவை. ஈரோடு 1979-இலும் திருப்பூர் 2009-இலும்தான் தனி மாவட்டங்களாயின.

சந்தை நாள்களும் நகரங்களும்

நம் பக்கத்தில் அடுத்தடுத்த ஊர்களின் வாரச்சந்தைகள் பெரும்பாலும் ஒரே நாளில் கூடுவதில்லை. ஓர் ஊரில் திங்கள் என்றால் பக்கத்தூரில் வேறு கிழமை. ஒரே நாளில் கூடினால் வியாபாரியும் பிரிவார், வாங்குபவரும் பிரிவார், இரண்டு சந்தையும் மெலியும். நாளைப் பிரித்துக்கொண்டால் அதே தக்காளிக்காரரும் அதே கத்தி சாணை பிடிப்பவரும் எல்லா ஊருக்கும் வருவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஏழு சந்தைகள் போட்டியிடுவது போலத் தெரியும். உள்ளே ஒரே சந்தைதான் ஏழு நாளும் ஊர் மாறி நடக்கிறது.

கொங்கு நகரங்கள் கிழமையைப் பிரிக்கவில்லை, வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. இதற்கு ஒரு பனியனைக் கையில் எடுத்தால் போதும். கோவை, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலை ஒன்றில் பஞ்சு நூலாகிக் கோனில் சுற்றப்படுகிறது. திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் அந்த நூல் உருளை வடிவத் துணியாக இறங்குகிறது. துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. அது திருப்பூரிலும் இருக்கலாம், பெருந்துறையிலும் இருக்கலாம். திரும்பி வந்து கட்டிங் மேசையில் அடுக்கடுக்காக வெட்டப்பட்டு, ஓவர்லாக் இயந்திரத்தில் தோள் இணைந்து, அடுத்த இயந்திரத்தில் கழுத்துப் பட்டி ஏறி, செக்கிங்கில் பிசிறு வெட்டப்பட்டு, இஸ்திரியாகி, பெட்டிக்குள் போகிறது. நிட்டிங் இயந்திரம் நின்றுபோனால் உதிரிபாகம் கோவையிலிருந்து வரலாம். பெட்டியில் 'திருப்பூர்' என்று மட்டும்தான் அச்சாகியிருக்கும்.

ஒரே தொழிலைச் சேர்ந்த பல சிறு நிறுவனங்களும் அவற்றுக்குத் துணைபோகும் பட்டறைகளும் ஒரே வட்டாரத்தில் திரண்டிருப்பதைத் தொழில் குழுமம் என்கிறார்கள். இப்படித் திரள்வதால் என்ன இலாபம் என்பதற்கு ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இலேயே மூன்று காரணங்கள் சொன்னார். வேலை தெரிந்த ஆள்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். துணைப்பொருள் விற்பவர்கள் பக்கத்திலேயே கடை போடுவார்கள். தொழில் நுணுக்கம் ஆளுக்கு ஆள் தானாகப் பரவும். திருப்பூரில் இவை மூன்றையும் ஒரே தெருவில் காணலாம். காலையில் ஒரு கம்பெனியில் கணக்கு முடித்துக்கொண்ட டெய்லர் மாலைக்குள் நான்கு கதவு தள்ளி இன்னொன்றில் உட்கார்ந்துவிடுவார். ஊசி உடைந்தால் கடை முனையில் இருக்கிறது. ஜாப் ஒர்க் எடுத்துச் செய்தவர் நாளை சொந்தமாக நான்கு இயந்திரம் போடுவார். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு வட்டாரத்திலிருந்து போவதற்கு அடித்தளம் இதுதான்.

கோவையின் குழுமம் வேறு வழியில் பிறந்தது. ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் வந்தன; பட்டறைகளுக்காக வார்ப்பாலைகள் வந்தன; வார்க்கத் தெரிந்தவர்கள் கிணற்றுக்கு மோட்டாரும் பம்பும் செய்தார்கள்; அதே கைகள் பின்னர் மாவரைக்கும் கிரைண்டரையும் செய்தன. ஈரோடு மஞ்சளையும் துணிச் சந்தையையும் பிடித்துக்கொண்டது. சேலத்தில் ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு, உருக்காலை. ஒன்றின் இடத்தில் மற்றது உட்கார முயன்றதாகப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் சேலத்திலும் கோவையிலும் பெரிய சினிமா ஸ்டுடியோக்கள் இருந்தன என்பதே எனக்கு நினைவுக்கு வரும் நேரடிப் போட்டி. தொழில் சென்னையில் குவிந்தபோது இரண்டுமே தோற்றன.

இதுவரை பார்த்ததன் சாரம் இது. பழமை என்பது எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இன்றைய வேறுபாடுகளில் பல, பழைய நிர்வாகத் தீர்மானங்கள் போட்ட தடத்தில் வளர்ந்தவை. தொழிலைப் பொறுத்தவரை இந்நகரங்கள் போட்டியாளர்கள் என்பதைவிடக் கூட்டாளிகள் என்பதே பொருந்தும்.

குளத்தங்கரைக் கிணறும் வேலியோர நிழலும்

பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பது நல்லதா, கெட்டதா? இரண்டும்தான்.

குளத்தங்கரைத் தோட்டத்துக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கும். கிணறு ஆழமானதால் அல்ல, குளம் கசிவதால். சிறிய நகரம், பக்கத்துப் பெரிய நகரத்தின் வசதிகளைத் தனதாகவே பயன்படுத்திக்கொண்டு தன் அளவுக்கு மீறிச் செயல்படுவதைக் கடன் பெற்ற அளவு என்று வில்லியம் அலான்சோ 1973-இல் பெயரிட்டு விளக்கினார். திருப்பூருக்கு விமான நிலையம் கிடையாது. ஆனால் கோவை விமான நிலையம் நகரின் கிழக்கே, திருப்பூரை நோக்கிய பக்கத்தில்தான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஆடை வாங்க வரும் பையர் அங்கே இறங்கி நேராகத் திருப்பூர் போய்விடலாம்.

அதே தோட்டத்தின் வேலியோரம் பெரிய மரம் நின்றால் நிழல் விழும் இடத்தில் வெள்ளாமை ஏறாது. கோவை பக்கத்தில் இருப்பதாலேயே திருப்பூருக்குச் சில வசதிகள் வெகு தாமதமாக வந்தன. அரசு மருத்துவக் கல்லூரி கோவையில் 1966-இல் தொடங்கியது. தொலைவில் இருந்த சேலத்துக்கு 1986-இல் கிடைத்தது. இவ்வளவு தொழிலாளர்கள் வாழும் திருப்பூருக்கு 2022-இல்தான் வந்து சேர்ந்தது. இதற்குத் தனி மாவட்டமாவதற்கே 2009 வரை காத்திருந்ததும் ஒரு காரணம். சேலம் நிழலுக்கு வெளியே நிற்பதால் தனக்கு வேண்டியதைத் தானே கட்டிக்கொண்டது. சேலத்துக்காரர்களின் பேச்சில் இருக்கும் தனித்த மிடுக்குக்கு கோவைக்கும் சேலத்துக்கும் இடையிலான இந்த 160 கிலோமீட்டர்தான் காரணமோ என்று நான் நினைப்பதுண்டு.

உண்மையான போட்டி எங்கே இருக்கிறது?

பந்தியில் சாதம் எவ்வளவு வேண்டுமானாலும் வரும், அதற்கு யாரும் சண்டை போட மாட்டார்கள். ஒரே ஒரு ஜன்னலோர இருக்கைக்குத்தான் சண்டை வரும். ஒருவருக்குக் கிடைத்தால் அடுத்தவருக்குக் கிடைக்காது என்ற வகைப் பொருள்களில்தான் நகரங்களும் உண்மையாகப் போட்டியிடுகின்றன. தலைமை அலுவலகம், ரயில்வே கோட்டம், ரயில் நின்று செல்லும் உரிமை ஆகியவை அத்தகையவை.

2007 நவம்பரில் பாலக்காட்டுக் கோட்டத்திலிருந்து பிரித்துச் சேலம் ரயில்வே கோட்டம் உருவாக்கப்பட்டது. கோவை சந்திப்பு அதற்குள் வந்தது, தலைமையிடம் சேலம். தங்களுக்கென்று தனிக் கோட்டம் வேண்டும் என்ற குரல் கோவையில் அடங்கவில்லை. இன்னொன்று அதைவிடப் பழையது. 1862-இல் சென்னையிலிருந்து மேற்குக் கரை நோக்கிப் போட்ட தடம் கோவை நகருக்குள் வராமல் போத்தனூர் வழியே சென்றது. நகருக்கு 1873-இல்தான் ரயில் வந்தது. இன்றும் சில ரயில்கள் இருகூரில் திரும்பிப் போத்தனூர் வழியாகக் கேரளத்துக்குப் போய்விடுகின்றன. கோவைக்காரர் பெருந்தன்மையை இழக்கும் பேச்சு இது ஒன்றுதான்.

வாழத் தகுந்த ஊர் எது?

2021 மார்ச்சில் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் வாழ்வதற்கு எளிய நகரங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் சேலம் 5-ஆவது இடம், கோவை 7-ஆவது இடம். சேலம் கோவையை முந்திவிட்டதாகப் பலர் பேசினார்கள். உண்மையில் அவை இரண்டு தனித்தனிப் பட்டியல்கள். கோவை 10 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் கொண்ட நகரங்களில் 7-ஆவது. சேலம் அதற்குக் குறைந்தவற்றில் 5-ஆவது. பத்தாம் வகுப்பில் ஐந்தாம் ரேங்க் எடுத்தவரையும் பன்னிரண்டாம் வகுப்பில் ஏழாம் ரேங்க் எடுத்தவரையும் ஒப்பிடுவது போன்றது அது.

இத்தகைய பட்டியல்கள் குறியீடு என்ற முறையில் தயாராகின்றன. பல அளவுகளுக்கு வெவ்வேறு எடை கொடுத்துக் கூட்டி ஒரே எண்ணாக்குவதுதான் குறியீடு. மேற்சொன்னதில் வாழ்க்கைத் தரத்துக்கு 35 விழுக்காடு, குடிமக்களின் கருத்துக்கு 30, நிலைத்த வளர்ச்சிக்கு 20, பொருளாதாரத் திறனுக்கு 15. எடையை மாற்றினால் வரிசையும் மாறும். வேலை தேடி வந்தவருக்குப் பொருளாதாரம் 15 என்பது வேடிக்கையாகத் தோன்றும்.

வாழத் தகுந்தது என்பது யாருக்கு என்று கேட்டால்தான் விளங்கும். பணி ஓய்வு பெற்றவருக்குக் கோவையின் சிறப்பு சிறுவாணித் தண்ணீரும், பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி ஆடியில் வீசும் காற்றும்தான். ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு அந்தக் காற்றும் சேர்ந்தால் வெயில் அடங்கிவிடும். ஈரோட்டில் சித்திரையைக் கழித்தவருக்கு இந்த அருமை தெரியும். திருப்பூரில் ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளிக்கு அளவுகோல் வேறு. அவர் குடியிருக்கும் லைன் வீட்டில் ஒரே வரிசையாகப் பத்து அறைகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவான இரண்டு கழிப்பறைகள், வாசலில் நீலநிற பிளாஸ்டிக் டிரம்கள் வரிசையாக. குழாயில் தண்ணீர் என்றைக்கு வருகிறது என்பதே அவருடைய குறியீடு. ஆனாலும் சனிக்கிழமை மாலை சம்பளம் கைக்கு வருவதால், அவர் கணக்கில் இந்த ஊர் சொந்த ஊரைவிட வாழத் தகுந்தது.

பட்டியல்கள் பார்க்காத இன்னொன்றும் உண்டு. ஓர் ஊரின் வசதிக்கான செலவை அடுத்த ஊர் ஏற்கலாம். வெள்ளியங்கிரி மலையடியில் தொடங்கும் நொய்யல் கோவையின் சாக்கடையை வாங்கிக்கொண்டு திருப்பூருக்கு வருகிறது, திருப்பூரில் பல ஆண்டுகளாகச் சாயக்கழிவைச் சுமந்தது. பாசனத்துக்காக 1992-இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாகிப்போனது. ஈரோடு, கரூர்ப் பக்கத்து விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் ஆற்றில் விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குத் திருப்பூர் மாற வேண்டியதாயிற்று. பனியன் விலையில் அந்தச் செலவும் அதற்குப் பிறகுதான் ஏறியது. அணைக்குக் கீழே தென்னை வைத்திருந்தவர்களைக் கேட்டால், கோவையா திருப்பூரா என்ற கேள்வியை அவர்கள் ஆற்றின் போக்கிலேயே பார்க்கிறார்கள்: மேலே இருக்கிற ஊர், அதற்குக் கீழே இருக்கிற ஊர்.